சுடாத கை

எங்கள் ஊரில் ஒரு காலத்தில் செவந்தியின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் உண்டு. அந்தக் கைக்கு என்ன வந்திருக்கிறது என்று தெரிந்திருந்தால், அதே ஆட்கள்தான் கல்லெடுத்து அவளை ஊர் எல்லைக்கு வெளியே விரட்டியிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வருஷம் நான் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

என் பெயர் சொர்ணவல்லி. செவந்தி என் ஓரகத்தி. அண்ணன் ஆண்டியப்பனுக்கு அவள், தம்பி சிவசாமிக்கு நான். ஒரே கூரை, ஒரே அடுப்பு. ஓரகத்திகள் எலியும் பூனையுமாக இருக்க வேண்டும் என்று ஊருக்கு ஆசை. எங்களுக்குள்ளும் சண்டை வராமல் இல்லை. ஆனால் சண்டைக்கு இரண்டு வாய் வேண்டும். என் வாய் மட்டும்தான் பேசும், அவள் சிரித்துக்கொண்டே சுளகை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். எனக்கு அதில் இன்னும் ஆத்திரம் வரும்.

எங்கள் ஊர் ஆதனக்கோட்டைக்குப் பக்கம், தஞ்சாவூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கடலை போடுவோம். கடலை இல்லாத மாதங்களில் பெண்களெல்லாம் சேக் அலாவுதீன் களத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போவோம். தகரத்தில் கொட்டையைக் கொட்டி வறுத்தால் அதன் எண்ணெய் கசிந்து குபீரென்று பற்றும். தண்ணீர் தெளித்து அணைத்து, சாம்பலில் புரட்டி, கட்டையால் தட்டிப் பருப்பை எடுக்க வேண்டும். அந்த எண்ணெய் பட்ட இடம் வெந்து தோல் உரியும். எங்கள் எல்லோருடைய கையும் கரிந்துபோய்த்தான் இருக்கும். அதனால்தான் செவந்தி கையை யாரும் தனியாகப் பார்க்கவில்லை.

கொட்டை ஆறும் வரைக்கும் நாங்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம். செவந்தி காத்திருக்கவே மாட்டாள். தகரத்திலிருந்து அள்ளியதும் தட்ட ஆரம்பித்துவிடுவாள். "அடியே, ஒனக்கென்ன இரும்புக் கையா?" என்று மற்ற பெண்கள் கேட்டால், "பழகிப் போச்சுடி" என்பாள். களத்திலேயே அவள்தான் கெட்டிக்காரி. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஐம்பத்தேழாம் வருஷம் மாசி மாதம் அவள் மகள் அமிர்தவல்லிக்கு அம்மை போட்டது. மூன்று வயதுப் பிள்ளை. வேப்பிலைப் படுக்கையில் வாடிய கொடியாகக் கிடந்தது. "எம்புள்ளைய எழுப்பிக் குடுத்துரு தாயே, மூணு வருசம் வெறுங்கையில தீச்சட்டி எடுக்குறேன்" என்று செவந்தி வேண்டிக்கொண்டாள். பிள்ளை எழுந்துவிட்டது. முகத்தில் தழும்போடு நின்றது, கண் தப்பியது.

பங்குனித் திருவிழாவில் செவந்தி சட்டி எடுத்தாள். மற்றவர்கள் கையில் வேப்பிலையை மெத்தை மாதிரி வைத்து, அதற்கு மேல் சட்டியை ஏந்துவார்கள். இவள் வேண்டுதல்படி வெறுங்கையில் வாங்கினாள். மற்ற பெண்கள் ஓடினார்கள், கையை மாற்றினார்கள், பல்லைக் கடித்தார்கள். செவந்தி சந்தைக்குப் போகிறவள் போல நிதானமாக நடந்து கோயிலைச் சுற்றி வந்தாள். பூசாரி வெள்ளைச்சாமி உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு, "ஆத்தா இவ கையில எறங்கிட்டாடா!" என்று கத்தினார். எங்கள் மாமனார் ரெங்கசாமிக்குத் தலை கால் புரியவில்லை. மருமகளைக் கையெடுத்துக் கும்பிட்டார் மனுஷன்!

வீட்டுக்கு வந்து அவள் கை கழுவும்போது நான் தண்ணீர் ஊற்றினேன். உள்ளங்கையைப் பார்த்தேன். இரண்டு கையிலும் தோல் பொங்கி, வலது கையில் கொப்புளம் உடைந்து சதை தெரிந்தது.

"அக்கா! வலிக்கலையா?"

"என்னடி வலி?" என்று குனிந்து பார்த்தாள். வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியது. உடைந்த இடத்தை நகத்தால் அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். "சொர்ணம், எனக்கு ஒண்ணுமே தெரியலடி" என்றாள். அது சந்தோஷமாகச் சொன்ன வார்த்தை இல்லை.

மஞ்சளை அரைத்துப் பூசிக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். வெளியே அதற்குள், "ஒரு கொப்புளம்கூட வரலையாம்" என்று பேச்சு பறந்துவிட்டது. ஊர் வாயை மூட முடியுமா? அடுத்த செவ்வாயே பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து, செவந்தி கையால் திருநீறு வேண்டும் என்று வாசலில் நின்றார்கள். அவள் விரலை மடக்கிக்கொண்டு நடுங்கி நடுங்கிக் கொடுத்தாள். அதையும் அருள் என்றார்கள், பாவிகள்!

நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். சயன்ஸ் பாடத்தில் தோலும் ஒரு பொறி, சூடு குளிர் வலி எல்லாம் அது சொல்லித்தான் நமக்குத் தெரியும் என்று வாத்தியார் ஒப்பிக்க வைத்திருந்தார். அந்தப் பொறி கெட்டுப்போகும் என்று மட்டும் அவர் சொல்லித் தரவில்லை. எனக்குத் தூக்கம் போயிற்று.

உண்மையைப் பிட்டு வைத்தது ரஹீமா பீவி. களத்து முதலாளி அலாவுதீனின் பெண்டாட்டி. நோன்புக் கஞ்சி மிச்சமிருந்தால் எங்களுக்குக் கொண்டுவந்து ஊற்றுவார். ஒரு நாள் செவந்தி பாத்திரத்தை நீட்டும்போது அவள் முழங்கைக்குக் கீழே இருந்த வெளிறிய படையைப் பார்த்துவிட்டார்.

"ஏ புள்ள, இது எத்தன நாளா இருக்கு?"

"தேமலுங்க. ரெண்டு வருசமா இருக்கு."

பீவி சுற்றும் முற்றும் பார்த்தார். விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை ஒடித்து அந்த இடத்தில் குத்தினார். செவந்தி கஞ்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பீவியின் கண் கலங்கிவிட்டது. எங்களை ஓரமாக அழைத்துப் போனார்.

"எங்க மாமுவுக்கு இப்புடித்தான் ஆரம்பிச்சுச்சு. பொத்திப் பொத்தி வச்சாக, வெரலு போச்சு. அப்பறமாப் புதுக்கோட்டையில காட்டி மாத்திரை சாப்பிட்டாக, அதோட நின்னுச்சு. வாரத்துக்கு ஒரு நாளு தோலு டாக்டர் வாராரு. போய்க் காட்டிருங்கம்மா. எங்க வாயிலேருந்து ஒரு சொல்லு வெளிய வராது."

அவர் வியாதியின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். குஷ்டம், பெருவியாதி என்ற வார்த்தைகளை எங்கள் ஊரில் குழந்தைகள் காதில் விழும்படி யாரும் உச்சரிப்பதில்லை. எனக்குத் தெரிந்து அந்த வியாதி வந்த ஒரு கொத்தனாரை, சொந்த மகனே கம்மாய்க் கரையில் குடிசை போட்டு உட்கார வைத்தான். சோற்றைத் தூரத்தில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டுப் போவான்.

அமிர்தத்துக்கு அம்மைக்குப் பிறகு கண் நன்றாக இருக்கிறதா என்று காட்டப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் செவந்தி பிள்ளையை என் மடியிலேயே விட்டிருந்தாள்.

டாக்டர் சின்ன வயசு. பெஞ்சில் உட்கார வைத்து, "கண்ண மூடிக்கங்க. நான் பஞ்சால தொடுவேன். தொட்ட எடத்தை மத்தக் கை வெரலால காட்டணும். அவ்வளவுதான்" என்றார்.

தோளில் தொட்டார், சரியாகக் காட்டினாள். கன்னத்தில் தொட்டார், காட்டினாள். எனக்கு மூச்சு வந்தது. முழங்கைக்குக் கீழே வந்தார். தொட்டார். செவந்தி கொஞ்சம் தாமதித்து, "இங்கிட்டு" என்று எங்கேயோ காட்டினாள். மறுபடி தொட்டார். மறுபடி எங்கேயோ காட்டினாள். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. அவள் தோலைக் கேட்டுச் சொல்லவில்லை. டாக்டரின் சட்டைக் கை சரசரக்கும் சத்தத்தைக் கேட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். பரீட்சையில் தேறிவிட்டால் பிள்ளையோடு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தாளோ என்னவோ.

டாக்டருக்கும் புரிந்துவிட்டது. பஞ்சை மேஜையில் வைத்தார். வெறுமனே கையை மட்டும் அசைத்தார்.

"இங்கிட்டு" என்றாள் செவந்தி, உள்ளங்கையைக் காட்டி.

"அம்மா, கண்ணத் தொறங்க. நான் தொடவே இல்ல."

அவள் கண்ணைத் திறந்து மேஜையில் கிடந்த பஞ்சைப் பார்த்தாள். அப்புறம் என் மடியில் இருந்த அமிர்தத்தைப் பார்த்தாள். "எம்புள்ளையப் பிரிச்சுருவாகளாய்யா?" என்று கேட்டாள். அழவில்லை. எனக்குத்தான் அடக்க முடியவில்லை.

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். இது ஒட்டுகிற வகை இல்லை. புருஷனோடு இருக்கலாம், சமைக்கலாம், பிள்ளையைத் தூக்கலாம். வெள்ளை மாத்திரையை வருஷக்கணக்கில் விடாமல் சாப்பிட்டால் வியாதி நின்றுவிடும். புளி ஆகாது, கருவாடு ஆகாது என்ற பத்தியமெல்லாம் வேண்டாம், கீரையும் பருப்பும் முட்டையும் நன்றாகச் சாப்பிட வேண்டும். ஆனால் செத்துப்போன உணர்ச்சி திரும்பி வரும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை.

"வலிங்கிறது காவக்காரன் மாதிரிம்மா. ஒங்க கையில அவன் இல்ல. இனிமே கண்ணுதான் காவல். நெருப்புப் பக்கம் போகாதீங்க. இன்னொரு தடவ கை வெந்துச்சுன்னா, புண்ணு எலும்பு வரைக்கும் எறங்கும், வெரலு தங்காது. வீட்டுக்காரர்கிட்ட சொல்லிருங்க."

"சொல்ல மாட்டேன்யா" என்றாள் செவந்தி.

மாத்திரை பெருங்காய டப்பாவில் இருந்தது. ரத்தசோகைக்கு என்று மாமனாரிடம் சொன்னோம். களத்தில் வறுக்கும் வேலையை நான் பிடுங்கிக்கொண்டேன், அவளைப் பருப்பு பிரிக்க உட்கார வைத்தேன். வீட்டில் அவள் அடுப்பண்டை போனால் நான் பின்னாலேயே போய் நிற்பேன். கொதிக்கிற சோற்றுப் பானையைத் துணி இல்லாமல் இறக்கப் போவாள், பழக்கம். நான் பாய்ந்து, "தள்ளுங்கங்கிறேன்ல!" என்று கத்துவேன். தெருவில் என்ன பேசினார்கள் தெரியுமா? 'சாமி எறங்குன மகராசிய அந்தச் சின்னவ அடுப்படியிலகூட நிக்க விடமாட்டேங்கிறா, பேய்.' பேய்ப் பட்டம் வாங்கிக்கொண்டு அந்த வருஷத்தைத் தள்ளினேன். தள்ளும்போதே அடுத்த பங்குனி நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்தது.

வந்தது பங்குனி. செவந்தி மாமனார் முன்னால் நின்று, "இந்த வருசம் பால்குடம் எடுக்கிறேனே மாமா" என்று கேட்டுப் பார்த்தாள்.

"என்ன ஆத்தா பேச்சு இது? மூணு வருசம்னு வாய்விட்டுச் சொல்லிப்புட்டு மாத்துனா சும்மா விடுவாளா அவ? ஆலங்குடியிலேருந்துகூட ஒன்னையப் பாக்கச் சனம் வருது!"

மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். காரணம் சொன்னால் வீடு போகும், பிள்ளை போகும். எடுத்தால் கை போகும். வேறு வழி எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை. அவளுக்குச் சட்டிக்கும், ஆண்டியப்பனுக்குப் பால்குடத்துக்கும் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டு. செவந்தி தன் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருவிழா அன்று காலை, கிணற்றடியில் அவள் புருஷனிடம் சொல்லிவிட்டாள். நான் வாளியோடு பக்கத்தில் நின்றேன். அவர் அதிகம் பேசாத மனுஷர். கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேற யாருக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். என்னைக் காட்டினாள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சற்று நேரத்தில் என் புருஷன் ஓடி வந்தார். "அண்ணனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? கையில காப்போட புதுக்கோட்டை பஸ்ஸுல ஏறிப் போகுது!"

செவந்தியின் அப்பா வீடு பொன்னமராவதிப் பக்கம். புதுக்கோட்டை போய்த்தான் போக வேண்டும். மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லத்தான் போகிறார் என்று நான் நினைத்தேன். அவளும் அதைத்தான் நினைத்திருக்கிறாள். அமிர்தத்துக்குத் தலை சீவிக்கொண்டே, "நான் போயிட்டா இவளப் பாத்துக்கிருவியாடி?" என்று கேட்டாள்.

"வாயக் கழுவுங்க!" என்று எரிந்து விழுந்தேன். வேறு என்ன பதில் சொல்ல?

மத்தியானம் போயிற்று. அவர் வரவில்லை. வெயில் சாய்ந்து கொட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. அவர் வரவில்லை. மஞ்சள் சேலையை நனைத்துக் கட்டிக்கொண்டு செவந்தி கோயில் வாசலில் நின்றாள். நல்ல கூட்டம். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். சட்டியில் வேப்பங்கட்டை கனன்று, எண்ணெய் ஊற்ற ஊற்ற ஆளுயரம் எரிந்தது. பூசாரி வேப்பிலைக் கொத்தால் சட்டியைப் பிடித்துத் தூக்கி அவள் பக்கம் திரும்பினார். நான் கத்திவிடலாமா என்று நினைத்தேன். கத்தினால் அவள் குடி கெட்டது, கத்தாவிட்டால் கை கெட்டது. செவந்தி இரண்டு கையையும் நீட்டினாள்.

"இங்கிட்டுக் குடுங்க!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஆண்டியப்பன் வந்தார். உடம்பெல்லாம் ரோட்டுப் புழுதி. அவளைத் தோளால் ஒதுக்கிவிட்டு முன்னால் நின்றார்.

"பொண்டாட்டி எடுத்தா என்ன, புருசன் எடுத்தா என்ன. புள்ள எனக்குந்தான். குடுங்க பூசாரி."

"எல்லை தாண்டிப் போனவன்டா நீ!" என்று மாமனார் அலறினார். "காப்போட பஸ் ஏறுனவன் சட்டியத் தொடலாமா? அது குத்தம்டா!"

"குத்தம்னா ஆத்தா என்னையச் சுடட்டும்" என்று சொல்லி, பூசாரி கையிலிருந்து சட்டியைப் பறித்துவிட்டார். வெறுங்கையில்.

சுட்டது. சுடாமல் இருக்குமா? "ஆத்தா எரியுதே! எரியுதே தாயே!" என்று அவர் போட்ட சத்தத்தில் கொட்டு நின்றுவிட்டது. ஓடினார், குதித்தார், கண்ணீரும் சளியுமாகக் கோயிலைச் சுற்றினார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சட்டியை மட்டும் அவர் கீழே போடவில்லை. ஒரு சுற்று முடித்து, மண்ணில் இறக்கி வைத்துவிட்டு, கையை விரித்தபடி அங்கேயே உட்கார்ந்து பச்சைப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்கு அவர் மேல் அப்போது வந்த பிரியம் சொல்லி முடியாது.

ஊர்ப் பெரியவர்கள் உடனே கூடிவிட்டார்கள். பொண்டாட்டிக்குச் சுடாத சட்டி புருஷனுக்குச் சுட்டதென்றால், எல்லை தாண்டிய குற்றம்தான் காரணம், இதில் பேச என்ன இருக்கிறது? இனி அந்தக் குடும்பத்தில் யாரும் தீச்சட்டி தொடக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். ஆண்டியப்பன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "சரிங்க, தொடலைங்க" என்று அத்தனை அடக்கமாகச் சொன்னார். அவர் அந்தத் தீர்ப்பை வாங்குவதற்கென்றே எல்லை தாண்டினாரா, டாக்டரைப் பார்க்கப் போனதில் அது தானாக அமைந்ததா என்று நான் பலமுறை கேட்டும் கடைசிவரை அவர் பதில் சொல்லவில்லை.

அன்றைக்குக் கிளினிக் நாள் இல்லை. டாக்டர் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துப் போயிருக்கிறார் மனுஷர். பின்னால் செவந்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்கப்புறம் ஆறு வருஷம் அவரே மாசா மாசம் மாத்திரை வாங்கி வந்தார். அவளுக்குச் சுண்டுவிரல் கொஞ்சம் மடங்கிப் போனது. மற்றபடி கை கையாகவே இருந்தது. ஊருக்குக் கடைசிவரை தெரியாது.

நான் சொல்ல நினைத்தது அந்தச் சாயங்காலத்தைத்தான். வெந்த கையைப் பார்க்க வாசல் நிறைய ஆட்கள் நின்றார்கள். கட்டுப் போட்ட கையோடு ஆண்டியப்பன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். செவந்தி சோற்றைத் தட்டில் போட்டு முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். டாக்டர் ஒட்டாது என்று சொல்லியும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வருஷமாக யாருக்கும் கையால் ஊட்டியதில்லை, பெற்ற பிள்ளைக்கும் நான்தான் ஊட்டினேன்.

"நான் எப்புடித் திங்கிறது? ஊட்டு" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் வந்துருக்கேன். பிசை."

அவள் உட்கார்ந்து பிசைந்தாள். உருண்டை பிடித்து நீட்டினாள். அத்தனை பேர் முன்னிலையில் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். "சுடுது புள்ள. ஊதிக் குடு" என்றார். மென்று விழுங்கிவிட்டு, என் இடுப்பில் இருந்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

"அமிர்தம், இங்கிட்டு வா. ஒங்காத்தா ஊட்டும்."

நான் பிள்ளையை இறக்கிவிட்டேன். செவந்தி ஒரு வாய்ச் சோற்றை ஊதி ஊதி ஆற வைத்து அவள் வாயில் வைத்தாள்.